கேட்பவர் சுமந்தால் பதில் வரும்

ஸ்காட்லாந்தில் இருந்த 938 திருச்சபைச் சேகரங்களின் போதகர்களுக்கும் 1790ஆம் வருஷம் ஒரு கடிதம் போனது. எழுதியவர் சர் ஜான் சின்க்ளேர். வடகோடியில் கெய்த்னஸ் பக்கத்து நிலக்கிழார், நாடாளுமன்ற உறுப்பினர், எதையும் எண்ணிப் பார்க்காமல் விடாத மனுஷன். ஒவ்வொரு போதகரும் தம் ஊரைப் பற்றிய 160க்கும் மேற்பட்ட கேள்விகளுக்குப் பதில் எழுதி அனுப்ப வேண்டும் என்பது அவர் வேண்டுகோள். நில அமைப்பு, மக்கள்தொகை, விளைச்சல், இதர விஷயங்கள் என்று கேள்விகளை நான்காகப் பிரித்திருந்தார்.

டிக் அடிக்கக் கட்டம் எதுவும் கிடையாது. ஞாயிறு பிரசங்கம், கல்யாணம், சாவு என்று ஓடிக்கொண்டிருக்கும் போதகர் ஊரைச் சுற்றி விசாரித்து, மைக்கூட்டைத் திறந்துவைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக எழுத வேண்டும். என் தொழிலில் இருப்பவர்களிடம் இந்தப் படிவத்தைக் கொடுத்தால், "எல்.ஓ.ஐ. எவ்வளவு சார்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள். எல்.ஓ.ஐ. என்றால் ஒரு பேட்டி முடிய ஆகும் நேரம்.

சின்க்ளேருக்கும் பதில்கள் உடனே வந்து குவியவில்லை. வந்தவரை வாங்கி, 1791இலேயே முதல் தொகுதியை அச்சிட்டுவிட்டார். மாவட்டவாரியாக அடுக்கக் காத்திருக்காமல், எந்த ஊர்ப் பதில் முதலில் வந்ததோ அது முதலில். பக்கத்து ஊர்ப் போதகர் எழுதியது புத்தகமாகக் கண்ணெதிரே வந்துவிட்டது. நாம் மட்டும் எழுதவில்லையே என்று மற்றவர்களுக்கு உறுத்தும். நூலால் கிடைக்கும் வருமானம் போதகர்களின் பிள்ளைகளுக்கான உதவிச் சங்கத்துக்குப் போகும் என்று அறிவித்தார். எழுதாதவர்களுக்கு நினைவூட்டுக் கடிதம் போட்டுக்கொண்டே இருந்தார், இருபதைத் தாண்டியது. கடைசியில் சிவப்பு மையிலும் எழுதிப் பார்த்தார். அதற்கும் அசையாத ஊர்களுக்கு ஆளையே அனுப்பி எழுதி வாங்கினார். 1799இல் வேலை முடிந்தபோது 21 தொகுதிகள். ஸ்காட்லாந்தின் ஒரு சேகரமும் விடுபடவில்லை.

நான் சென்னையில் சந்தை ஆய்வுத் தொழிலில் இருப்பவன். காகிதப் படிவமும் ஷோ கார்டும் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கும் பெண்களுக்கு ஃபீல்டு சூப்பர்வைசராக இருந்து, இப்போது ஆன்லைன் சர்வேக்களின் ஸ்கிரிப்டைச் சரிபார்க்கும் இடத்துக்கு வந்திருக்கிறேன். எங்கள் கிளையன்ட்கள் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "டிசைனைக் கொஞ்சம் மாத்தினா ரெஸ்பான்ஸ் ஏறுமா?" ஏறும். ஆனால் அவர்கள் நினைக்கிற டிசைன் வேறு. நிறம், லோகோ, அசையும் படம் என்று அவர்கள் யோசிக்கிறார்கள். இந்தத் தொழிலின் இருநூறு வருஷத்துக் கதையைப் புரட்டினால் தெரிவது வேறு. பதில் சொல்கிறவரின் சுமையில் கொஞ்சத்தைக் கேட்கிறவர் தன் தலையில் ஏற்றிக்கொண்டபோதெல்லாம் பதில் வந்திருக்கிறது. சுமையை அந்தப் பக்கம் தள்ளிவிட்டபோதெல்லாம் வறண்டிருக்கிறது.

தள்ளிவிட்டதற்குச் சரியான உதாரணம் கார்ல் மார்க்ஸ். 1880இல் பிரான்சின் 'ரெவ்யூ சோஷலிஸ்ட்' பத்திரிகைக்காகத் தொழிலாளர்களிடம் கேட்க நூறு கேள்விகள் எழுதிக் கொடுத்தார். 25,000 பிரதிகள் போட்டு நாடு முழுக்க அனுப்பினார்கள். வேலை நேரம், கூலி, பட்டறையின் காற்று, எந்திரத்தில் அடிபட்டால் என்ன ஆகும், வேலைநிறுத்தம் நடந்ததா என்று ஒவ்வொன்றும் கூர்மையான கேள்வி. படிவத்தின் அமைப்போ இப்படி: கேள்விகள் அச்சில் வரிசையாக இருக்கும். பதிலைத் தனித் தாளில், அந்தந்தக் கேள்வியின் எண்ணைப் போட்டு எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் முடிந்தவரை விரிவாக எழுதுங்கள் என்று வேண்டுகோள். அனுமதி இல்லாமல் பெயரை வெளியிடமாட்டோம் என்ற உறுதியோடு, பெயரும் முகவரியும் தரும்படி ஒரு குறிப்பு. பாரிஸுக்குப் பக்கத்தில் ஒரு விலாசத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும்.

நாள் முழுக்க நூற்பாலையில் நின்றுவிட்டு வந்தவர் மண்ணெண்ணெய் விளக்கடியில் உட்கார்ந்து எழுத வேண்டிய நூறு பதில்! திரும்பி வந்தவை மிகச் சொற்பம். தொழிலாளி மீது மார்க்ஸுக்கு இருந்த அக்கறையை யாரும் சந்தேகிக்க முடியாது. அக்கறை கேள்வியில் இருந்தது, தாளில் இல்லை. சின்க்ளேர் துரத்தித் துரத்தி வாங்கினார். இங்கே 25,000 தாளை ஊரெல்லாம் விட்டெறிந்ததோடு சரி.

நிறைய அனுப்பினால் போதும் என்ற நினைப்புக்கு அமெரிக்காவில் 1936இல் அடி விழுந்தது. 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை ஜனாதிபதித் தேர்தலுக்காகச் சுமார் ஒரு கோடி மாதிரி வாக்குச்சீட்டுகளைத் தபாலில் அனுப்பியது. திரும்பியவை 23 லட்சத்துக்கு மேல். ஆல்ஃபிரட் லாண்டனுக்கு 57 சதவீதம் என்று அச்சடித்தார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். டெலிபோன், கார் வைத்திருந்த வசதியானவர்களின் முகவரிப் பட்டியலைப் பயன்படுத்தியதுதான் தப்பு என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். பெவரில் ஸ்கொயர் என்ற ஆய்வாளர், காலப் நிறுவனம் 1937இல் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பின் தரவுகளைத் தோண்டிப் பார்த்து 1988இல் இன்னொன்றையும் காட்டினார்: சீட்டு கிடைத்த எல்லோரும் திருப்பி அனுப்பியிருந்தால் அந்தப் பட்டியலிலேயே ரூஸ்வெல்ட்தான் முந்தியிருப்பார். சீட்டைத் திருப்பி அனுப்ப மெனக்கெட்டவர்களில் ரூஸ்வெல்ட்டைப் பிடிக்காதவர்கள் அதிகம். பதில் விகிதம் வெறும் எண்ணிக்கைப் பிரச்சினை இல்லை என்பது அங்கேதான் உறைத்தது. நாலில் மூன்று பேர் வாய் திறக்காதபோது, திறந்த ஒருவரின் குரல் ஊர்க்குரலாக வேஷம் போடும். பத்திரிகை 1938இல் மூடப்பட்டது.

அஞ்சல் படிவத்தை ஒரு கலையாகவே ஆக்கியவர் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துச் சமூகவியல் பேராசிரியர் டான் டில்மன். 1978இல் வந்த அவருடைய புத்தகத்தை எங்கள் தொழிலில் இன்றும் பெயர் சொல்லிப் பேசுவார்கள். மனிதர்கள் பரிமாற்றக் கணக்குப் பார்த்துத்தான் பழகுகிறார்கள் என்ற சமூகவியல் கோட்பாட்டை எடுத்து, அதைத் தபால் உறைக்குள் மடித்து வைத்தவர் அவர். பதில் சொல்கிறவருக்கு ஆகும் செலவைக் குறை, கிடைக்கும் மரியாதையைக் கூட்டு, நம்பிக்கையைக் கொடு. மூன்றே வரி. ஆனால் அதை நடைமுறைக்குக் கொண்டுவர அவர் எடுத்துக்கொண்ட சிரத்தையைப் பார்க்க வேண்டும்.

படிவம் கையடக்கமான சிறு புத்தகமாக இருக்க வேண்டும். முன் அட்டையிலும் பின் அட்டையிலும் கேள்வி கூடாது. முதல் கேள்வி எல்லோராலும் பதில் சொல்லக்கூடியதாக, கடிதத்தில் சொன்ன விஷயத்தைத் தொடுவதாக இருக்க வேண்டும். வயசு, படிப்பு, வருமானம் எல்லாம் கடைசியில். கடிதத்தின் கீழே அச்சிட்ட கையெழுத்து ஆகாது; ஒவ்வொன்றிலும் நீல மையால் கையெழுத்துப் போட வேண்டும். உறையில் நிஜமான தபால்தலை ஒட்ட வேண்டும். ஒரு வாரம் கழித்து எல்லோருக்கும் ஒரு கார்டு: ஏற்கெனவே அனுப்பியிருந்தால் நன்றி, இல்லையென்றால் தயவுசெய்து அனுப்புங்கள். மூன்றாவது வாரம் எழுதாதவர்களுக்கு மட்டும் கடிதத்தோடு புதுப் படிவம், பழையது தொலைந்திருக்கும் அல்லவா? ஏழாவது வாரம் பதிவுத் தபால்.

நம் பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பியவர்களுக்கு இதன் ஒரு பாதி தெரியும். போதிய தபால்தலை ஒட்டிய சுயவிலாசமிட்ட உறை இல்லாவிட்டால் கதை திரும்பி வராது. பதில் வேண்டும் என்கிறவர்தான் தபால் செலவைச் சுமக்க வேண்டும் என்ற நியாயம் அது. டில்மனும் அவர் வழிவந்தவர்களும் அதைப் பணம் வரைக்கும் கொண்டுபோனார்கள். படிவத்தை நிரப்பி அனுப்பினால் பத்து டாலர் தருகிறோம் என்று வாக்குக் கொடுப்பதைவிட, நிரப்பாவிட்டாலும் பரவாயில்லை என்று முன்கூட்டியே உறைக்குள் ஓரிரு டாலர் நோட்டை வைத்து அனுப்புவது அதிகம் பலித்தது. வாக்குக் கொடுப்பது கூலி பேசுவது. முன்னால் வைப்பது வெற்றிலை பாக்கு மாதிரி. வாங்கிக்கொண்டவர் சும்மா இருக்கக் கூசுவார்.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் இந்த வைத்தியம் தேவைப்பட்டது. 1970இல் 78 சதவீத வீடுகள் தபாலில் பதில் அனுப்பின, 1980இல் 75, 1990இல் 65. அனுப்பாத ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் போக வேண்டும், அது பெரும் செலவு. தொண்ணூறுகளின் முதல் பாதியில் டில்மனும் கணக்கெடுப்பு அலுவலகத்தில் இருந்து சோதனைகள் நடத்தினார். படிவத்தைச் சுருக்குவது, முன்னறிவிப்புக் கடிதம், நினைவூட்டுக் கார்டு, மாற்றுப் படிவம் எல்லாம் பலன் தந்தன. உறைமேல் 'பதில் தருவது சட்டப்படி கட்டாயம்' என்று அச்சிட்டதும் நன்றாகவே பலித்தது. சட்டத்தின் பலத்தைக் கனடா தலைகீழாகச் சோதித்தது. 2006இல் அங்கே நீண்ட படிவம் கட்டாயம், 93.8 சதவீதம் பதில். 2011இல் விருப்பப்படி என்று ஆக்கினார்கள், 68.6ஆக இறங்கியது. அந்த முடிவை எதிர்த்துப் புள்ளியியல் துறைத் தலைவர் முனிர் ஷேக் 2010லேயே ராஜினாமா செய்திருந்தார். 2016இல் கட்டாயம் திரும்பியதும் 97.8. சட்டம் அரசாங்கத்தின் கையில் உள்ள கருவி. பிஸ்கட் ருசியைப் பற்றிக் கேட்கிற எங்களுக்கு அது கிடையாது.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதே இணையம் வந்துவிட்டது. ஜார்ஜியா டெக் கல்லூரியில் 1994 ஜனவரியில் இணையப் பயனர்களைப் பற்றிய முதல் சர்வேயை இணையத்திலேயே நடத்தினார்கள். தபால்தலை வேண்டாம், அச்சு வேண்டாம், பதில்களைக் கையால் பதிவு செய்ய வேண்டாம். கேட்பவரின் செலவு கிட்டத்தட்டப் பூஜ்யம் ஆனது. வழுக்கல் அங்கேதான் தொடங்கியது. கேட்பவருக்கு லேசான உடனே, சுமையெல்லாம் சத்தமில்லாமல் பதில் சொல்கிறவர் தலைக்கு மாறியது.

1998இல் டில்மன் குழு ஒரே சர்வேயை இரண்டு விதமாக அனுப்பியது. ஒன்று வெள்ளைப் பின்னணியில் சாதாரண எழுத்து. மற்றது பளிச்சென்ற நிறங்களும் அலங்காரமும் உள்ளது. மோடத்தில் கீச்சென்ற சத்தத்தோடு இணையம் வந்த காலம். அலங்காரப் பக்கம் இறங்க நேரம் பிடித்தது. சாதாரணப் படிவத்தைத்தான் அதிகம் பேர் முடித்தார்கள். அழகின் விலையைக் கட்டியது பதில் சொன்னவரின் டெலிபோன் பில்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மிக் கூப்பரும் சகாக்களும் மாணவர்களிடம் நடத்திய சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. உள்ளே நுழைய ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் அனுப்பியிருந்தார்கள். சிலருக்குப் போனதில் பூஜ்யமும் ஓ எழுத்தும், ஒன்றும் எல் எழுத்தும் குழப்பும்படி இருந்தன. அந்த மாணவர்கள் உள்ளே வந்தது குறைவு. கேள்வியைப் பார்த்துச் சலித்துப் போனவர்கள் இல்லை அவர்கள், கேள்வியையே பார்க்காதவர்கள். வாசற்படியே இடறிவிட்டது. மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தட்டியதும் நேரே உள்ளே போகும்படி கடவுச்சொல்லை இணைப்புக்குள்ளேயே வைத்துவிட்டால் நுழைவு கூடுகிறது என்பதையும் அதே காலத்துச் சோதனைகள் காட்டின. இன்று எல்லா சர்வே இணைப்பும் நீளமான எண்களும் எழுத்துகளுமாகத் தொங்குவதற்குக் காரணம் அதுதான். தட்டச்சு செய்யும் வேலையைக் கேட்பவர் எடுத்துக்கொண்டார்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்வதிலும் சூட்சுமம் உண்டு. மிர்தா காலேசிச்சும் மைக்கேல் போஸ்னியாக்கும் 2009இல் வெளியிட்ட சோதனையில் 10, 20, 30 நிமிடம் என்று வெவ்வேறு பேருக்கு வெவ்வேறாகச் சொன்னார்கள். நேரம் கூடக் கூடத் தொடங்கியவர்களும் குறைந்தார்கள், முடித்தவர்களும் குறைந்தார்கள். அப்படியானால் குறைத்துச் சொல்லிவிடலாமே என்று தோன்றும். கிளையன்ட்களுக்கு முதலில் தோன்றுவதே அதுதான். மிச்சிகனில் 2001இல் பார்த்தது வேறு: 8 முதல் 10 நிமிடம் என்று சொன்னால் அதிகம் பேர் வருகிறார்கள், 20 நிமிடம் என்று கேட்டுவிட்டு வந்தவர்களோ நடுவில் கழன்றுகொள்வது குறைவு. ஏமாற்றி உள்ளே இழுத்தால் பாதியில் போய்விடுவார்கள்.

"புராக்ரஸ் பார் போட்டுடுங்க சார், எவ்ளோ மிச்சம்னு தெரிஞ்சா முடிச்சிடுவாங்க" என்பது அடுத்த பிரியமான யோசனை. 2013இல் அனா வில்லார் குழு இத்தகைய சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. சீராக நகரும் பட்டை விலகுபவர்களைக் குறைக்கவில்லை. ஆரம்பத்தில் வேகமாக ஓடும் பட்டை உதவியது, ஆரம்பத்தில் நத்தையாக ஊர்வது கெடுத்தது. உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு மிச்சம் இவ்வளவு என்று காட்டினால் மட்டும் வேலை குறைந்துவிடாது.

சிவப்பு நட்சத்திரம் போட்ட 'கட்டாயக் கேள்வி'யைப் பற்றி 2007இல் வியன்னாவில் நடந்த ஆய்வு சொன்னதும் எங்களுக்கு அனுபவத்தில் தெரிந்ததுதான். பதில் சொல்லாமல் அடுத்த பக்கம் போக விடமாட்டேன் என்று தடுத்தால் எழுந்து போகிறவர்கள் கூடுகிறார்கள். காகிதத்தில் வருமானக் கேள்வியை வெறுமையாக விட்டுவிட்டு மீதியை எழுதித் தரும் உரிமை எல்லோருக்கும் இருந்தது. நூறு கேள்வி கேட்ட மார்க்ஸ்கூட அந்த உரிமையைப் பறிக்கவில்லை. கம்ப்யூட்டர்தான் பறித்தது.

தமிழில் ஸ்கிரிப்ட் போடும்போது வரும் தொல்லை ஒன்றைச் சொல்கிறேன். 'கிரிட்' என்று ஒரு வகைக் கேள்வி: இடப்பக்கம் பத்து வாக்கியம், மேலே ஐந்து தலைப்பு, சந்திக்கும் இடங்களில் வட்டங்கள். ஆங்கிலத்தில் எழுதியதை மொழிபெயர்த்து நம்மிடம் அனுப்புவார்கள். முதல் தலைப்பு 'முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன்'. அடுத்தது 'ஓரளவு ஒப்புக்கொள்கிறேன்'. மூன்றாவது 'ஒப்புக்கொள்ளவும் இல்லை மறுக்கவும் இல்லை'. விலை குறைந்த போனின் திரையில் அதற்குமேல் இடம் இல்லை. மறுக்கிற இரண்டு தலைப்பும் வலப்பக்கம் திரைக்கு வெளியே நிற்கும். விரலால் தள்ளினால்தான் தெரியும். தள்ளத் தெரியாதவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வார், அல்லது பக்கத்தை மூடிவிடுவார். சாஃப்ட் லாஞ்சில், அதாவது கொஞ்சம் பேருக்கு மட்டும் அனுப்பிப் பார்க்கும் முதல் நாளில், டிராப், அதாவது ஆட்கள் நடுவில் விட்டுப் போவது, எந்தக் கேள்வியில் என்று பார்த்தால் பெரும்பாலும் கிரிட்டில்தான் இருக்கும். அதை ஒரு திரைக்கு ஒரு வாக்கியம், கீழே ஐந்து பட்டன் என்று பிரித்துப் போட எங்களுக்கு அரை நாள் கூடுதல் வேலை. அந்த அரை நாளை யார் தருவது என்பதில்தான் சண்டை. இழுத்துப் பார்க்கும் ஸ்லைடரும் இப்படித்தான். 2011இல் ஃபுங்கே, ரைப்ஸ், தாமஸ் மூவரும் எழுதிய கட்டுரைப்படி, ஸ்லைடர் போட்டால் நடுவில் விடுபவர்கள் அதிகம், படிப்புக் குறைந்தவர்களிடம் இன்னும் அதிகம். யார் குரல் விடுபடுகிறது என்ற 1936இன் கேள்வி ஸ்லைடரிலும் இருக்கிறது.

லண்டனில் ஃபில் எட்வர்ட்ஸ் தலைமையிலான குழு இப்படிப்பட்ட சோதனைகளைத் தொகுத்து வெளியிட்டு வருகிறது. 2009 பதிப்பில் அஞ்சல் படிவங்கள் பற்றி 481 சோதனைகள், மின்வழிப் படிவங்கள் பற்றி 32. மின்னஞ்சல் தலைப்பில் 'சர்வே' என்ற சொல் இருந்தால் பதில் குறைந்தது. மற்றவர்கள் ஏற்கெனவே பதில் தந்துவிட்டார்கள் என்று சொன்னால் கூடியது. முதல் தொகுதியை அவசரமாக அச்சிட்ட சின்க்ளேருக்கு இதற்குச் சோதனை தேவைப்படவில்லை.

இவ்வளவு கற்றும் இணையம் அஞ்சலை எட்டிப் பிடிக்கவில்லை. ஸ்லோவேனியாவின் கத்யா லோசர் மன்ஃப்ரேடாவும் சகாக்களும் 2008இல் 45 ஒப்பீடுகளைத் தொகுத்தபோது இணைய சர்வேயின் பதில் விகிதம் மற்ற வழிகளைவிடச் சராசரியாக 11 புள்ளி குறைவு. 2020இல் 114 ஒப்பீடுகளைத் தொகுத்தார்கள், 12 புள்ளி. தொழில்நுட்பம் ஓடிய தூரத்துக்கு அந்த இடைவெளி ஒரு அங்குலம்கூடச் சுருங்கவில்லை. அனுப்புவது இலவசம் ஆனதும் எல்லோரும் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். சாப்பாடு வந்ததும் ஸ்டார் கேட்கிறார்கள், ஆட்டோவை விட்டு இறங்கியதும் கேட்கிறார்கள், பேங்கில் பேசி முடித்ததும் ஒன்றை அழுத்துங்கள் என்கிறார்கள். ஊரே கேட்கிறவர்களாகிவிட்டால் பதில் சொல்ல யார் மிச்சம்?

வழி மறுபடி காகிதத்தில்தான் கிடைத்தது. டில்மன் குழு 2007இல் ஸ்நேக் நதியின் இரு கரையிலும் எதிரெதிராக உள்ள லூயிஸ்டன், கிளார்க்ஸ்டன் ஊர்களின் வீடுகளுக்குத் தபாலில் கடிதம் அனுப்பியது. இணையத்தில் பதில் சொல்லுங்கள் என்று விலாசம். உள்ளே ஒரு ஐந்து டாலர் நோட்டு. காகிதப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சொல்லாதவர்களுக்கு மட்டும் பிறகு அனுப்பினார்கள். 41 சதவீதம் பேர் இணையத்தில் பதில் சொன்னார்கள், காகிதத்தையும் சேர்த்து 55. ஆன்லைன் சர்வேக்குச் சிறந்த அழைப்பு தபால்காரர் கொண்டுவரும் உறை என்று ஆயிற்று. அமெரிக்காவின் 2020 கணக்கெடுப்பும் இந்த வழியில்தான் நடந்தது. கடிதத்தில் இருந்த அடையாள எண்ணைத் தொலைத்தவர்களும் முகவரியைச் சொல்லி உள்ளே போகலாம் என்று கதவை அகலத் திறந்து வைத்தார்கள். தாமாகப் பதில் சொன்ன வீடுகள் 67 சதவீதம், அதில் மிகப் பெரும்பாலானவை இணையத்தில்.

நம் நாட்டில் இந்தச் சோதனை இப்போதுதான். 1881 முதல் கணக்கெடுப்பின் பாரம் முழுக்க அரசாங்கத்துடையது. பள்ளிக்கூட வாத்தியார்கள் வாசலுக்கு வந்து கேட்பார்கள், நாம் திண்ணையில் உட்கார்ந்து சொல்வோம், எழுதுவது அவர்கள். 2027 கணக்கெடுப்பில் வீட்டார் தாமே இணையத்தில் பதிந்துகொண்டு, கிடைக்கும் எண்ணை வருகிறவரிடம் காட்டும் வசதி உண்டு. குறைவது கணக்கெடுப்பாளரின் வேலை, கூடுவது வீட்டாரின் வேலை. அதை வீட்டார் ஏற்றுக்கொள்வார்களா என்பது, தலைப்புகள் போன் திரைக்குள் அடங்குகின்றனவா, தெரியாத கேள்வியைத் தாண்டிப் போக முடிகிறதா, பாதியில் மின்சாரம் போனால் எழுதியது அப்படியே இருக்கிறதா என்பவற்றைப் பொறுத்தது. எத்தனை வீடுகள் தாமாகப் பதிந்தன என்ற எண்ணிக்கை வரும்போது மக்களின் டிஜிட்டல் அறிவுக்கு மார்க் என்று டிவியில் விவாதிப்பார்கள். எங்கள் தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வோம், அது படிவம் எழுதியவர்களுக்கான மார்க்.